தொடை அளவு கூடவில்லை, பலம் கூடியிருக்கிறது: உள்ளே என்னதான் மாறியது?

வணக்கம். இந்த முறை ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பேசலாம் என்று இருக்கிறேன், ஏனென்றால் கேட்டவர் ரொம்பச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். முதலில் கேள்வியைப் படித்துவிடுகிறேன்.

"இரண்டரை மாதமாக ஸ்குவாட்டில் மெதுவாக இறங்குவது, நோர்டிக் கர்ல் இரண்டும் செய்துவருகிறேன். பலம் நன்றாகக் கூடியிருக்கிறது. ஓடும்போது பின்தொடை பிடித்து இழுப்பதும் நின்றுவிட்டது. ஆனால் டேப் வைத்து அளந்தால் தொடை அதே அளவுதான் இருக்கிறது. ஒரு நண்பர் தசை நீளமாகியிருக்கும் என்கிறார். இன்னொருவர் தசையில் ஒன்றும் மாறவில்லை, நரம்புதான் பழகியிருக்கிறது என்கிறார். தசையின் இரண்டு முனையும் எலும்பில் ஒட்டியிருக்கும்போது அது எப்படி நீளமாகும்? அப்புறம், தேர்வுக்காக ஒரு மாதம் நிறுத்தப்போகிறேன். செய்ததெல்லாம் போய்விடுமா?"

அருமையான கேள்வி. இரண்டு நண்பர்களில் யாரும் முழுக்கத் தவறில்லை. ஆனால் நீளமாகியிருக்கும் என்று சொன்னவர் எது நீளமாகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அங்கேதான் எல்லாக் குழப்பமும்.

நீங்கள் செய்யும் இரண்டுமே எக்சென்ட்ரிக் வகைப் பயிற்சி. நோர்டிக் கர்ல் என்பது, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மண்டியிட்டு உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்வது. எக்சென்ட்ரிக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். தசை இழுவிசை கொடுத்துக்கொண்டே நீளும் நிலை அது. ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது முழங்கால் மடங்குகிறது, முன்தொடைத் தசை நீள்கிறது, ஆனால் அது சும்மா நீளவில்லை, உங்கள் எடையைப் பிடித்துக்கொண்டு, விட்டுக்கொடுத்துக்கொண்டே நீள்கிறது. எழும்போது அதே தசை சுருங்கிக்கொண்டு வேலை செய்கிறது, அது கான்சென்ட்ரிக். மாடிப்படி ஏறுவதும் இறங்குவதும் ஒரே தசைதான், வேலை செய்யும் விதம்தான் வேறு.

இந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை 1952இல் அபட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூன்று பேர் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்துவிட்டார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்கிறார், இன்னொருவர் அந்தப் பெடலைத் தடுத்துப் பிடிக்கிறார். இருவர் காலிலும் விசை ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். மிதித்தவர் செலவழித்த ஆக்சிஜன் தடுத்தவரைவிடப் பல மடங்கு. சிறிய உடல்வாகு உள்ள ஒரு பெண், பெரிய உடல்வாகு உள்ள ஒரு ஆணை அலட்டிக்கொள்ளாமல் தடுத்து அவரைக் களைத்துப்போக வைக்கும் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. மூச்சு அவ்வளவாக வாங்காது, இதயத்துக்குச் சுமை குறைவு, ஆனால் தசை தாங்கும் விசை அதிகம். வயதானவர்களுக்கும், நீண்டநாள் படுக்கையிலிருந்து எழுந்தவர்களுக்கும் இந்த வகைப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டுகள் விரும்புவதற்கு இதுதான் காரணம், இது இன்னும் பல பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

சரி, கேள்விக்கு வருவோம். இரண்டு முனையும் எலும்பில் ஒட்டியிருக்கிறதே, எப்படி நீளும்?

தொடைத் தசை இடுப்பிலிருந்து முழங்கால் வரை நேராக ஓடும் நூல்களின் கட்டு என்றுதான் நாம் மனதில் வைத்திருக்கிறோம். அப்படி இல்லை. முன்தொடையின் வெளிப்புறம் இருக்கிறதே, வாஸ்டஸ் லேட்டரலிஸ், அந்தத் தசையை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் மேலே ஒரு வெள்ளைக் கோடு, கீழே ஒரு வெள்ளைக் கோடு தெரியும், இரண்டும் தசை நாண் தகடாக விரிந்து படிந்திருக்கும் உறை. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சாய்வாக, இறகின் நரம்புகள்போலச் சின்னச் சின்னக் கற்றைகள் ஓடும். ஒவ்வொரு கற்றையும் ஒரு உறையில் தொடங்கி எதிர் உறையில் முடிகிறது. முழுத் தசை முப்பது செ.மீட்டருக்கு மேல் இருந்தாலும் இந்தக் கற்றை அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராமல் இருக்கலாம், சுமார் 8 செ.மீ., 9 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்தொடையில் பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்று ஒரு தசை, அதற்கு நீண்டது, குட்டை என்று இரண்டு பிரிவு, அவற்றைத் தலை என்பார்கள்; அதன் நீண்ட தலையும் இதே கதைதான்.

ஆக எலும்போடு ஒட்டியிருக்கும் மொத்தத் தசை நீளாது, உள்ளே சாய்ந்து ஓடும் கற்றைகள்தான் நீளும். சாய்வுக் கோணம் கொஞ்சம் மாறினாலோ, தசை கொஞ்சம் தடித்தாலோ, நீண்ட கற்றைக்கு அங்கேயே இடம் கிடைத்துவிடும். எலும்பு அசைய வேண்டிய அவசியமே இல்லை.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். கற்றைக்குள் தசை இழைகள், இழைக்குள் மெல்லிய நுண்ணிழைகள், அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சார்கோமியர்கள். சார்கோமியர்தான் தசையின் உண்மையான எஞ்சின். ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இழுக்கும் இடம் அது. மனிதத் தசையில் ஒரு சார்கோமியர் மிக அதிக விசை தரும் நீளம் சுமார் 2.7 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்குகூட இல்லை. 10 செ.மீ. நீளமுள்ள ஒரு கற்றையில் ஒரே வரிசையில் சுமார் 37,000 சார்கோமியர்கள் நிற்கின்றன. கணக்குப் போட்டுப் பார்க்கும்போதே மலைப்பாக இருக்கிறது.

இப்போது தசை வளர்வதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பக்கவாட்டில் புது இழைப்பொருள் சேர்ந்து தடிப்பது. இழுக்கும் விசை கூடும். சாய்வான தசையில் இப்படித் தடிக்கும்போது கோணமும் பெரிதாகும், ஏனென்றால் அதே உறையில் அதிகப் பொருளை அடைத்தாக வேண்டும். இன்னொன்று, வரிசையில் புது சார்கோமியர்கள் சேர்வது. வரிசை நீண்டால் விசை கூடாது, ஆனால் வேறு இரண்டு லாபம் வரும். முதலாவது, 37,000 பேர் சேர்ந்து சுருங்க வேண்டிய தூரத்தை 40,000 பேர் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொருவரும் சுருங்க வேண்டியது குறைவு, அதனால் முழுத் தசையும் வேகமாகச் சுருங்க முடியும். இரண்டாவது, தசை நன்றாக இழுபட்ட நிலையிலும் ஒவ்வொரு சார்கோமியரும் அளவுக்கு மீறி நீளாமல் தன் நல்ல நீளத்தின் பக்கத்திலேயே இருக்கும். ஓடுபவர்களுக்கு இந்த இரண்டாவது லாபம்தான் பொக்கிஷம். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

எக்சென்ட்ரிக் பயிற்சி இரண்டாவது வழியைப் பிரமாதமாகத் தூண்டுகிறது, வழக்கமான எழும் பகுதிப் பயிற்சி முதல் வழியை. இதை ஒரே ஆராய்ச்சியில் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் 2014இல் ஃபிராங்கியும் அவரது குழுவும் வெளியிட்டதை நான் எப்போதும் சொல்வேன். இளம் ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு லெக் பிரஸில், அதாவது காலால் சுமையைத் தள்ளும் கருவியில், தள்ளுவது மட்டும், இன்னொரு குழு சுமையைத் தாங்கிக்கொண்டு விடுவது மட்டும். பத்து வாரம். கடைசியில் தொடைத் தசையின் கன அளவு இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கூடியிருந்தது, தள்ளியவர்களுக்கு 8 சதவீதம், தாங்கி விட்டவர்களுக்கு 6 சதவீதம். ஆனால் உள்ளே பார்த்தால் படம் வேறு. தாங்கி விட்டவர்களின் கற்றைகள் 12 சதவீதம் நீண்டிருந்தன, தள்ளியவர்களுக்கு 5 சதவீதம். கோணமோ தலைகீழ்: தள்ளியவர்களுக்கு 11 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 5 சதவீதம்தான். கூடிய தசைப்பொருள் ஏறக்குறைய ஒன்று, அது போய் உட்கார்ந்த இடம் வேறு.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு விஷயம் நம் நண்பரின் டேப் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. வாஸ்டஸ் லேட்டரலிஸின் நடுப்பகுதியில் தள்ளியவர்களுக்குத்தான் வளர்ச்சி அதிகம். தாங்கி விட்டவர்களுக்கு முழங்கால் பக்கமாக, தசையின் கீழ்ப்பகுதியில் 8 சதவீதம் வளர்ந்திருந்தது, அங்கே தள்ளியவர்களுக்கு வெறும் 2 சதவீதம். நீங்கள் டேப்பை எங்கே சுற்றுவீர்கள்? தொடையின் நடுவில், எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கே. வளர்ச்சி அதற்குக் கீழே நடந்திருந்தால் டேப் சொல்லாது. அதோடு டேப் தோலையும் கொழுப்பையும் எலும்பையும் முன்தொடையையும் பின்தொடையையும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்கிறது. ஒரு தசையில் நடந்த மாற்றம் அந்த எண்ணில் அரை செ.மீட்டர்கூட வராமல் போகலாம், அந்த அரை செ.மீட்டர் டேப்பை இறுக்கிப் பிடித்தாலும் தளர்த்திப் பிடித்தாலும் வந்துவிடும் வித்தியாசம். டேப் மாறவில்லை என்பதை வைத்து ஒன்றுமே மாறவில்லை என்று முடிவுகட்டாதீர்கள், தயவுசெய்து.

கற்றை நீள்கிறது சரி, அது புது சார்கோமியர் சேர்வதால்தானா, அல்லது இருக்கும் சார்கோமியர்களே கொஞ்சம் இழுபட்ட நிலையில் உட்கார்ந்துவிடுகின்றனவா? இந்தக் கேள்வி வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எலிகளில் 1994இலேயே லின், மார்கன் இருவரும் இதை எண்ணிப் பார்த்தார்கள். சில எலிகளைச் சரிவாக வைத்த டிரெட்மில்லில் மேல்நோக்கி ஓடவிட்டார்கள், சிலவற்றைக் கீழ்நோக்கி. கீழ்நோக்கி ஓடும்போது முன்தொடைத் தசை ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறது, அதாவது எக்சென்ட்ரிக். பிறகு முன்தொடையின் ஆழத்தில் எலும்பை ஒட்டியிருக்கும் வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் என்ற தசையின் இழைகளில், வரிசையில் எத்தனை சார்கோமியர் என்று கணக்கிட்டார்கள். கீழ்நோக்கி ஓடிய எலிகளில் எண்ணிக்கை அதிகம்.

மனிதர்களிடம் இழையைப் பிரித்தெடுத்து எண்ண முடியாது, அதனால் பல காலம் அல்ட்ராசவுண்டை மட்டும் நம்பியிருந்தோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண அல்ட்ராசவுண்ட் புரோபின் படம் 4 முதல் 6 செ.மீ. அகலம்தான், கற்றையோ 10 செ.மீ. வரை போகும், அதனால் படத்துக்கு வெளியே போகும் மீதியைக் கோடு போட்டு ஊகிக்கிறார்கள். கற்றை கொஞ்சம் வளைந்திருந்தாலே கணக்கு மாறும். அதனால் ஏதோ ஒரு தலைப்பில் கற்றை இத்தனை சதவீதம் நீண்டது என்று படித்தால், எப்படி அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். புரோபை நகர்த்திக்கொண்டே முழுக் கற்றையையும் படம்பிடிக்கும் முறையில் வந்த எண்கள் கூடுதலாக நம்பத்தக்கவை.

சமீப ஆண்டுகளில் மெல்லிய ஊசிகளைத் தசைக்குள் செலுத்தி லேசர் ஒளியால் உயிருள்ள மனிதரின் சார்கோமியரையே நேரடியாகப் படமெடுக்கும் கருவி வந்துவிட்டது. அதை வைத்து நோர்டிக் கர்ல் செய்தவர்களின் பின்தொடையைப் பார்த்தார்கள். மூன்று வாரம் செய்த பிறகு கற்றை நீண்டிருந்தது, ஆனால் ஒவ்வொரு சார்கோமியரும் நீண்டிருந்தது, வரிசையில் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை. ஒன்பது வாரம் செய்தவர்களில் பார்த்தபோது எண்ணிக்கையே கூடியிருந்தது. அதாவது முதல் சில வாரங்களில் நடப்பதும் இரண்டு மாதத்துக்குப் பிறகு நடப்பதும் ஒன்றல்ல. ஆரம்பத்தில் இருப்பதே இழுபட்டு உட்காருகிறது, பிறகுதான் புதுக் கட்டுமானம். இரண்டரை மாதம் என்று சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா, ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தப் புதுக் கட்டுமானம் நடந்திருக்கக்கூடிய காலத்துக்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

இதில் டைட்டின் என்ற பெயரையும் கேட்டிருப்பீர்கள். மனித உடலின் மிகப்பெரிய புரதம் அது, சார்கோமியரின் ஓரத் தட்டிலிருந்து நடுப்பகுதி வரை ஸ்பிரிங்போல நிற்கிறது. தசை வேலை செய்துகொண்டே நீளும்போது இந்த ஸ்பிரிங் இறுகிக் கூடுதல் விசை தருகிறது, எக்சென்ட்ரிக்கில் தூக்க முடியாத எடையையும் தாங்கி இறக்க முடிவதில் இதற்கும் பங்கு உண்டு. அதே இழுவையை உணர்ந்து வளர்ச்சிக்கான சிக்னல்களைத் தூண்டும் புரதங்களும் அதன்மேலேயே கட்டப்பட்டிருக்கின்றன.

அப்புறம், நரம்புதான் காரணம் என்ற நண்பர். முதல் மூன்று, நான்கு வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புதான், அதில் சந்தேகமே வேண்டாம். எத்தனை இழைகளை ஒரே நேரத்தில் எழுப்புவது, எவ்வளவு வேகமாகச் சிக்னல் அனுப்புவது, இதெல்லாம் மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொள்கின்றன. பழக்கமில்லாதவர்களுக்கு எக்சென்ட்ரிக் வேலையில் நரம்பு மண்டலம் தசையை முழுதாக எழுப்பவே விடாது, ஒரு பாதுகாப்புத் தடை மாதிரி, பயிற்சியில் அது தளர்கிறது. அவர் சொன்னது உண்மை. தசையில் ஒன்றும் மாறவில்லை என்ற பாதியை மட்டும் அவர் விட்டுவிடலாம்.

இப்போது பின்தொடைக்கு வருவோம், உங்களுக்கு இழுத்துப் பிடித்த இடம் அது. வேகமாக ஓடும்போது முன்னால் வீசிய கால் தரையைத் தொடப்போகும் கடைசி நொடித்துளியில் இடுப்பு மடங்கியிருக்கிறது, முழங்கால் நீண்டுகொண்டிருக்கிறது, பின்தொடை இரண்டு பக்கமும் இழுபடுகிறது. அதே நேரத்தில் அந்தக் காலுக்கு அதுதான் பிரேக். நன்றாக நீண்ட நிலையில், மிகப்பெரிய விசையோடு. ஓட்டத்தில் வரும் பின்தொடைக் கிழிசல்களில் பெரும்பாலானவை பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீண்ட தலையில்தான் வருகின்றன. வரிசையில் சார்கோமியர் குறைவாக இருந்தால் அந்தக் கணத்தில் ஒவ்வொன்றும் அளவுக்கு மீறி இழுபடும். கூடுதலாக இருந்தால் இழுவை பங்கிடப்படும். பொக்கிஷம் என்று சொன்னேனே, இதுதான்.

டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகள், 942 வீரர்களை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. பாதி அணிகள் வழக்கமான பயிற்சியோடு பத்து வாரம் நோர்டிக் கர்லையும் சேர்த்துக்கொண்டன, அதன்பிறகு சீசனில் வாரம் ஒருமுறை தொடர்ந்தன. வழக்கம்போல் இருந்த அணிகளில் 52 பின்தொடைக் காயங்கள், நோர்டிக் செய்தவர்களில் 15. அதன்பிறகு பல விளையாட்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவது தெரிந்தது. உபகரணம் எதுவும் வேண்டாம், கணுக்காலைப் பிடிக்க ஒரு ஆள் போதும். இவ்வளவு எளிய ஒன்று இவ்வளவு செய்கிறது, இருந்தும் பல அணிகள் வலிக்கிறது என்று சொல்லிப் பாதியில் விட்டுவிடுகின்றன. அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். நோர்டிக்கில் இடுப்பு நேராக இருக்கும், முழங்கால் மட்டும்தான் நீளும். அதனால் தசைப் பருமன் அதிகமாகக் கூடுவது பின்தொடையின் உட்புறம் இருக்கும் செமிடெண்டினோசஸ் என்ற தசையிலும் பைசெப்ஸின் குட்டைத் தலையிலும். நீண்ட தலையின் கற்றை நீள்கிறது, ஆனால் அதைத் தடிக்கவைக்க இடுப்பை மடக்கி நீட்டும் பயிற்சிகள் மேல், எடையைக் கையில் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் ரொமேனியன் டெட்லிஃப்ட், சாய்ந்த பெஞ்சில் செய்யும் ஹிப் எக்ஸ்டென்ஷன் மாதிரி. நீங்கள் இரண்டு பயிற்சிதான் சொன்னீர்கள், ஸ்குவாட்டும் நோர்டிக்கும். ஸ்குவாட் பின்தொடைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதனால் மெதுவாக இறக்கும் ரொமேனியன் டெட்லிஃப்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடுவதும் ஒரு எக்சென்ட்ரிக் பயிற்சிதான், முறையாகப் படிப்படியாகச் செய்யும் ஸ்பிரிண்ட் பயிற்சியிலும் இதே கற்றைகள் நீள்கின்றன.

வலியைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. புதிதாக எக்சென்ட்ரிக் செய்தால் மறுநாள் தொடங்கி இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வரை படி இறங்க முடியாத அளவுக்கு வலிக்கும். லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது உடற்பயிற்சி முடிந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் வடிந்துவிடும், மூன்றாம் நாள் வலிக்கு அது காரணமாக முடியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் சார்கோமியர்களை இணைக்கும் இசட் தட்டு என்ற எல்லைக்கோடு நேராக இல்லாமல் நெளிந்து கலைந்திருப்பது தெரியும். வரிசையில் எல்லாச் சார்கோமியரும் ஒரே பலத்தில் இருப்பதில்லை, சங்கிலியில் பலவீனமான கண்ணிபோலச் சில மட்டும் மிதமிஞ்சி இழுபட்டுவிடுகின்றன. அந்தச் சேதத்தையும் அதைச் சுற்றிய இணைப்புத் திசுவையும் உடல் சீரமைக்கும்போது வரும் அழற்சியும் நரம்பு முனைகளின் கூச்சமும்தான் அந்த வலி.

நல்ல செய்தி, ஒருமுறை இப்படி ஆனால் அடுத்த முறை அதே பயிற்சிக்கு அவ்வளவு வலிக்காது. ஒரே ஒரு தடவை செய்ததன் பாதுகாப்பே பல வாரங்கள் நிற்கும். ஒருமுறை நோர்டிக் செய்த சில நாட்களிலேயே பின்தொடை உச்ச விசை தரும் கோணம் ஏழெட்டு டிகிரி நீண்ட நிலையின் பக்கம் நகர்ந்திருப்பதை அளந்திருக்கிறார்கள். அதனால் முதல் நாளில் கொஞ்சமாகத் தொடங்கினாலே போதும், அந்தக் கொஞ்சமே கவசம் போட்டுவிடும். வலி வந்தால்தான் வளர்ச்சி என்று நினைத்து முதல் நாளே பத்து செட் போடாதீர்கள். பழக்கமில்லாத தசையில் அளவுக்கு மீறிச் செய்து, தொடை வீங்கி, சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் அது சாதாரண வலி கிடையாது, தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்துக்குப் போகிறது. அன்றைக்கே, தாமதிக்காமல், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, வலி இல்லாவிட்டாலும் மாற்றம் வருமா? வரும். உங்களுக்கு இரண்டரை மாதத்தில் வலி எப்போதோ நின்றிருக்கும், கற்றை அதற்குப் பிறகும் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ஸ்கேன் வசதி எல்லோருக்கும் கிடைக்காது, அப்போது எதைப் பார்ப்பது? நோர்டிக் செய்யும்போது பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுங்கள். மண்டியிட்டு நிமிர்ந்து நின்று, முழங்காலிலிருந்து தலை வரை ஒரே கோடாக வைத்து, மெதுவாக முன்னால் சாய்கிறீர்கள். ஏதோ ஒரு இடத்தில் பிடி விட்டுப்போய் உடம்பு தொப்பென்று விழும், கையால் தாங்கிக்கொள்வீர்கள். அந்தப் பிடி விடும் கோணத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் பலருக்குப் பாதி வழியிலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே விட்டுப்போகும். பயிற்சி ஏற ஏற அது தரைக்கு அருகில் வரும், அதாவது தசை நீண்ட நிலையிலும் விசை கொடுக்கப் பழகியிருக்கிறது. இதில் நரம்பின் பங்கும் கலந்திருக்கும், ஆனாலும் டேப்பைவிட இது பல மடங்கு மேலான அளவுகோல். இடுப்பை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் கணக்கில் சேராது, சுமை குறைந்துவிடும்.

ஸ்குவாட்டில் இறங்க மூன்று, நான்கு நொடி எடுத்துக்கொண்டால் போதும், பத்து நொடி வேண்டாம். மெதுவாக இறங்குவதைவிட ஆழமாக இறங்குவது முக்கியம், ஏனென்றால் தசை நீண்ட நிலையில் சுமை விழ வேண்டும். பாதியோடு நிறுத்திவிட்டு எழுந்தால் மெதுவாக இறங்கியதன் பலனில் பெரும்பகுதி கைக்கு வராது. முழங்கால் வலி இருப்பவர்கள் மட்டும் வலியில்லாத ஆழம் வரை இறங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்தைக் கூட்டுங்கள்.

கடைசியாக அந்த ஒரு மாத இடைவெளி. இதில் ஒரு கெட்ட செய்தியும் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கற்றை நீளம் சீக்கிரம் வருவதுபோலவே சீக்கிரம் போகும். எக்சென்ட்ரிக் பயிற்சி தொடங்கி இரண்டு வாரத்திலேயே அல்ட்ராசவுண்டில் நீளம் கூடியது தெரிந்திருக்கிறது, முழுதாக நிறுத்திய நான்கு வாரத்தில் பழைய நீளத்துக்கே திரும்பியதும் தெரிந்திருக்கிறது. தசைப் பருமனும் பலமும் இவ்வளவு வேகமாகக் கரைவதில்லை. அதனால் ஒரு மாதம் கழித்து வந்து நின்றால் உங்களுக்குப் பலம் இருக்கிற மாதிரியே தோன்றும், ஆனால் பின்தொடைக்கு அந்த நீளம் இருக்காது. இந்த நிலையில் நேராகப் போய் முழு வேகத்தில் ஓடுவதுதான் ஆபத்து. விடுமுறை முடிந்து வரும் வீரர்களைப் பயிற்சியாளர்கள் முதல் வாரங்களில் கவனமாகப் பார்த்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

நல்ல செய்தி, பிடித்துவைக்க ரொம்பக் கொஞ்சம் போதும். வாரத்துக்கு நூறு தடவை வரை நோர்டிக் செய்தவர்களையும், ஆரம்ப இரண்டு வாரங்களுக்குப் பிறகு வாரத்தில் ஒரே ஒரு நாள் நான்கு நான்காக இரண்டு செட், மொத்தம் எட்டே தடவை செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கற்றை நீளம் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி கூடியிருந்தது. எட்டு தடவை! நடுவில் ஓய்வோடு சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகாது. தேர்வு மாதத்தில் வாரம் ஒரு நாள், படித்துக் களைத்த ஒரு மாலையில் இந்த எட்டு நோர்டிக், அதோடு மெதுவாக இறங்கும் ஸ்குவாட் இரண்டு செட், அவ்வளவுதான். கணுக்காலைப் பிடிக்க வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியாமல் போய் முழு மாதமும் விட்டுப்போனால், திரும்பி வரும் முதல் வாரம் பழைய எண்ணிக்கையில் பாதியில் தொடங்குங்கள், ஸ்பிரிண்ட் மட்டும் இரண்டு, மூன்று வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வை நன்றாக எழுதுங்கள். முடிந்ததும் அந்தப் பக்கவாட்டு வீடியோவை எடுத்து, பிடி விடும் இடம் எங்கே நிற்கிறது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த பகுதியில் எடுத்துப் பேசலாம்.